முடி வீழ்ந்ததால் குடி எழுந்ததா?

அரசர்களுக்கு எதிராக மக்கள் கிளர்ந்தெழுந்த புரட்சிகளிலிருந்தே இன்றைய ஜனநாயகம் பிறந்தது என்னும் அபிப்பிராயம், பள்ளிக்கூடச் சரித்திர நூல்கள் முதல் சட்டசபைச் சொற்பொழிவுகள் வரையில், நிரூபணம் வேண்டாத உண்மையாகவே வழங்கி வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தும், பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவும் பிரான்சும் தத்தம் அரசர்களின் அதிகாரத்தை உதறித் தள்ளின. அந்நாடுகள் இன்று ஜனநாயக நாடுகளாக விளங்குகின்றன. ஆகவே முன்னது காரணம், பின்னது காரியம் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அரசனின் தலையைக் கொய்த இங்கிலாந்து பதினோரே ஆண்டுகளில் அவன் மகனை அழைத்துச் சிம்மாசனத்தில் அமர்த்தியதையும், குடியரசான பிரான்ஸ் பன்னிரண்டே ஆண்டுகளில் ஒரு சக்கரவர்த்திக்கு முடிசூட்டியதையும், மனித சமத்துவத்தைப் பிரகடனம் செய்த அமெரிக்கா அதற்குப் பின்னும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அடிமை முறையைக் காத்து வந்ததையும் நினைவில் கொள்வோர்க்கு அம்முடிவு அவ்வளவு எளிதாகத் தோன்றாது.

இக்கேள்விக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக விடை எழுதப்பட்டு வருகிறது. புரட்சியே ஜனநாயகத்தின் தாய் என்பார் ஒரு சாரார். புரட்சி ஜனநாயகத்தின் வருகையைத் தாமதப்படுத்தியது என்பார் மற்றொரு சாரார். இரண்டுக்கும் நேரான தொடர்பில்லை, ஆழ்ந்த சமூக மாறுதல்களே இரண்டையும் விளைவித்தன என்பார் வேறொரு சாரார். இவ்விடைகள் எங்கே தோன்றின, எவ்விடத்தில் வலுவிழக்கின்றன என்று பார்ப்பதே இங்கு நோக்கம். ஜனநாயகம் என்று இக்கட்டுரையில் கொள்ளப்படுவது, வயது வந்த யாவர்க்கும் வாக்குரிமை, ஆட்சியை எதிர்த்துப் பேசவும் கூடவும் உரிமை, தேர்தலில் தோற்றவர் ஆயுதமெடுக்காமல் பதவியை விட்டு இறங்கும் வழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஆட்சிமுறை. இந்த அளவுகோலை முன்கூட்டியே வைத்துக் கொள்ளாவிடில் ஆராய்ச்சி வாழ்த்துரையாக மாறிவிடக் கூடும்.

முதல் விவாதம்: பர்க்கும் பெயினும்

பாஸ்டில் சிறைக்கோட்டை வீழ்ந்து பதினாறு மாதங்கள்கூட நிரம்பாத நிலையில், 1790 நவம்பரில், எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்துத் தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அமெரிக்கக் குடியேற்ற மக்களின் குறைகளுக்காகப் பாராளுமன்றத்தில் வாதாடியவரும், வாரன் ஹேஸ்டிங்ஸின் இந்திய நிர்வாகத்தைக் குற்றக் கூண்டில் நிறுத்தியவருமான அவரை எதேச்சாதிகாரத்தின் நண்பர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு நாட்டின் ஸ்தாபனங்கள் பல தலைமுறைகளின் அனுபவத்தால் திரண்டவை. அவற்றை ஒரே வீச்சில் தகர்த்தால் எஞ்சுவது பலாத்காரம் ஒன்றே. முடிவில் படையின் அபிமானத்தைப் பெற்ற தளபதி எவனோ அவனே நாட்டுக்கு அதிபதியாவான் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளில், 1799-இல், நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது அந்த எச்சரிக்கை அப்படியே பலித்தது.

அவருக்கு மறுப்பாக 1791-இல் தாமஸ் பெயின் எழுதிய நூலோ, இறந்தவர்களின் ஏற்பாடு உயிரோடிருப்பவர்களைக் கட்டுப்படுத்தாது என்ற நியாயத்தின்மேல் எழுந்தது. ஒவ்வொரு தலைமுறையும் தன் ஆட்சியைத் தானே அமைத்துக்கொள்ளும் உரிமையுடையது. பரம்பரை ஆட்சி என்பது ஒரு குடும்பம் ஒரு தேசத்தைச் சொத்தாகக் கைக்கொள்வதற்குச் சமானம் என்றார் அவர். இந்த இரு வாதங்களிலும் உள்ள பலவீனங்களைப் பிற்காலம் தெளிவாகக் காட்டியிருக்கிறது. முன்னோரிடமிருந்து கடனையும் கட்டாய ஊழியத்தையும் தவிர வேறெதையும் பெறாத குடியானவனுக்கு, முன்னோர் தந்த ஸ்தாபனங்களைப் போற்று என்ற உபதேசத்தால் யாது பயன் என்பதற்குப் பர்க்கிடம் விடையில்லை. பரம்பரை ஆட்சி ஒழிந்ததும் நியாயம் தானாகவே அரியணை ஏறிவிடும் என்று நம்பிய பெயினோ, மக்களின் பெயரால் ஆளுவோரைக் கட்டுப்படுத்துவது யார் என்ற பிரச்னையில் போதிய கவனம் செலுத்தவில்லை. பிரெஞ்சு மகாசபைக்குப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1793 ஜனவரியில், பதவியிழந்த லூயி மன்னனைக் கொல்லாமல் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்று வாதாடினார். அவ்வாண்டு முடிவதற்குள் அதே குடியரசின் சிறையில் அடைக்கப்பட்டார். முடியாட்சியை அவரைக் காட்டிலும் கடுமையாக வெறுத்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவருக்கே இது நேர்ந்தது.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் எழுந்த வினா

புரட்சிக்கும் ஜனநாயகத்துக்கும் உள்ள உறவின் சிக்கல் முழுவதும், பிரான்சுக்குச் சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, இங்கிலாந்தில் ஏறத்தாழ எட்டு வார காலத்துக்குள் வெளிப்பட்டுவிட்டது என்று கூறலாம். 1648 டிசம்பர் 6-ஆம் தேதி காலையில் கர்னல் தாமஸ் பிரைடு என்னும் படை அதிகாரி, பெயர்ப் பட்டியலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு காமன்ஸ் சபையின் வாயிலில் சிப்பாய்களுடன் நின்று, அரசனோடு சமாதானம் பேச விரும்பிய உறுப்பினர்களை உள்ளே நுழையவொட்டாமல் தடுத்தார். சிலரைக் கைது செய்தார். இவ்விதம் வடிகட்டப்பட்ட அந்தச் சபைதான், 1649 ஜனவரி 4-ஆம் தேதி, கடவுளுக்கு அடுத்தபடியாக நியாயமான அதிகாரம் அனைத்துக்கும் மூலம் மக்களே என்றும், அரசனும் பிரபுக்களும் சம்மதிக்காவிட்டாலும் மக்களின் பிரதிநிதிகளாகிய தாங்கள் இயற்றுவதே சட்டம் என்றும் தீர்மானம் நிறைவேற்றியது. மக்களே அதிகாரத்தின் ஊற்று என்னும் மகத்தான கோட்பாடு ஒரு தேசத்தின் பாராளுமன்றத் தீர்மானமாக ஒலித்தபோது, அம்மக்கள் தேர்ந்தெடுத்தனுப்பியவர்களுள் பலர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

ஜனவரி 20-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அரசன்மீது விசாரணை தொடங்கியது. தாக்குதலுக்கு அஞ்சித் தமது தொப்பிக்குள் எஃகுத் தகடு பதித்துக்கொண்டு வந்து அமர்ந்த தலைமை நீதிபதி ஜான் பிராட்ஷாவை நோக்கி, எந்தச் சட்டபூர்வமான அதிகாரத்தைக் கொண்டு என்னை இங்கே நிறுத்தினீர்கள் என்று முதலாம் சார்லஸ் மீண்டும் மீண்டும் கேட்டான். குற்றச்சாட்டுக்குப் பதிலளிக்க இறுதிவரை மறுத்தான். சட்டத்தை அலட்சியம் செய்து பதினோராண்டுக் காலம் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டவன் அவன். ஆயினும் அன்று அவன் எழுப்பிய வினாவுக்கு நீதிமன்றத்தால் திருப்தியான விடை தர இயலவில்லை. ஜனவரி 30-ஆம் தேதி வைட்ஹால் அரண்மனையின் முன்னே அவன் சிரச்சேதம் செய்யப்பட்டான். நான்கு ஆண்டுகளுக்குப்பின், எஞ்சியிருந்த அந்தச் சபையையும் ஆலிவர் கிராம்வெல் சிப்பாய்களைக் கொண்டு கலைத்தார். முடியாட்சிக்கு எதிரான எந்தப் புரட்சியையும் எடைபோட இந்நிகழ்ச்சி ஓர் உரைகல்லாகும்: அரசனிடமிருந்து பறித்த அதிகாரம் எவரிடம் சென்றது, அவர் தவறினால் அவரை விலக்குவதற்கு வழி இருந்ததா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

இந்தப் புரட்சியைப் பற்றிய ஆராய்ச்சி பல முறை திசை மாறியிருக்கிறது. வளர்ந்துவந்த வர்த்தக வர்க்கம் பழைய நிலவுடைமை ஒழுங்கை உடைத்தெறிந்த நிகழ்ச்சி என்று கிறிஸ்டோபர் ஹில் முதலிய மார்க்சிய அறிஞர்கள் விளக்கினர். 1970-களில் கிளம்பிய கான்ராட் ரஸ்ஸல் முதலியோர், இரு கட்சியிலும் பிரபுக்களும் வணிகர்களும் கலந்தே நின்றனர் என்று காட்டி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்ற மூன்று ராஜ்யங்களை ஒரே அரசன் மாறுபட்ட சமயக் கொள்கைகளோடு ஆள முயன்றதன் விபரீதமே உள்நாட்டுப் போர் என்றனர். மார்க்சிய விளக்கத்துக்குச் சான்றுகள் முழுதும் ஒத்துவரவில்லை என்பது உண்மையே. எனினும் ரஸ்ஸலின் வழியில் சென்றால், சாதாரணச் சிப்பாய்கள் வாக்குரிமை கேட்டது எங்ஙனம் என்பது விளங்காமற் போகிறது.

அப்படிக் கேட்டவர்கள் இருந்தார்கள். 1647 அக்டோபர் இறுதியில் லண்டனையடுத்த பட்னியின் மாதா கோயிலில் படையின் பிரதிநிதிகள் கூடி அரசியலமைப்பைப் பற்றி விவாதித்தனர். இங்கிலாந்தில் உள்ள பரம ஏழையும் தன் சம்மதமில்லாத ஆட்சிக்குக் கட்டுப்பட்டவனல்லன் என்று கர்னல் ரெயின்ஸ்பரோ வாதித்தார். நாட்டில் நிலையான உடைமை உள்ளவனுக்கே வாக்கு, இல்லாதவனுக்கும் கொடுத்தால் உடைமையே பறிபோகும் என்று கிராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன் மறுத்தார். பிற்கால வாக்குரிமைப் போராட்டங்களின் வாதங்கள் யாவும் இங்கே கருவில் இருப்பதைக் கண்டு வியக்காதவர் இல்லை. ஆனால் வில்லியம் கிளார்க் என்பவர் எடுத்த அந்த விவாதக் குறிப்புகள் ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரி நூல்நிலையத்தில் முடங்கிக் கிடந்து, 1891-இல்தான் அச்சேறின. 1832, 1867, 1884-ஆம் ஆண்டுகளின் வாக்குரிமைச் சட்டங்கள் மூன்றும் அதற்கு முன்னரே நிறைவேறிவிட்டன. இவ்வாறு வாக்குரிமை கோரிய சமத்துவவாதிகளின் (லெவலர்களின்) துண்டுப் பிரசுரங்கள் வேறு வழிகளில் ஓரளவு உயிர்த்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கருத்தின் ஒற்றுமையைக் கண்டவுடன் வம்சாவளி எழுதிவிடலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

1688-உம் மெக்காலேயின் மரபும்

1688-இல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடியதும், அவன் மகள் மேரியும் அவள் கணவன் வில்லியமும் நிபந்தனைகளோடு முடிசூடியதும், 1689-இல் உரிமைச் சட்டம் நிறைவேறியதும் ஆங்கிலேயரால் மகோன்னதப் புரட்சி என்று போற்றப்படுகின்றன. பாராளுமன்றத்தின் அனுமதியின்றி வரி விதிக்கவோ, சட்டத்தை நிறுத்தி வைக்கவோ, அமைதிக் காலத்தில் படை வைத்திருக்கவோ அரசனுக்கு உரிமையில்லை என்பது அன்று உறுதியாயிற்று. ஐரோப்பிய சிம்மாசனங்கள் ஆட்டங்கண்ட 1848-ஆம் ஆண்டின் இறுதியில் தம் சரித்திர நூலின் முதற்பகுதிகளை வெளியிட்ட மெக்காலே, பதினேழாம் நூற்றாண்டில் காக்கும் புரட்சியொன்று நடந்ததனாலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழிக்கும் புரட்சி இங்கிலாந்தை அணுகவில்லை என்று பெருமிதம் கொண்டார்.

இந்த மரபின்மீது ஹெர்பர்ட் பட்டர்ஃபீல்டு 1931-இல் தொடுத்த கண்டனம் இன்றும் செல்லுபடியாகிறது: இன்றைய வெற்றியை இலக்காக வைத்துக்கொண்டு, பழைய காலம் முழுவதையும் அதை நோக்கிய யாத்திரையாகவே எழுதுவது சரித்திரமாகாது என்றார் அவர். 1688 ஜனநாயகத்தை நிறுவியதென்றால், மனித வாசமே அற்றுப்போன ஓல்டு சேரம் என்ற மேடு, அதற்குப் பிறகும் 144 ஆண்டுகள் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பி வந்தது எங்ஙனம்? 1832-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்த ஆடவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே வாக்கு இருந்தது; பெண்கள் ஆண்களோடு சமமாக வாக்களிக்க 1928 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இரத்தம் சிந்தாப் புரட்சி என்னும் புகழும் அயர்லாந்துக்குப் பொருந்தாது. பாயின் நதிக்கரையில் 1690-இல் நடந்த போரையும் அதன்பின் கத்தோலிக்கர் பட்ட இன்னல்களையும் அறிந்தோர் அச்சொல்லை ஏற்கமாட்டார்கள். அண்மையில் ஸ்டீவ் பின்கஸ் என்னும் அறிஞர், 1688 நிகழ்ச்சி மேல்தட்டினரின் அமைதியான ஏற்பாடு என்ற எண்ணத்தை மறுத்து, அது பரந்த மக்கட் பகுதியினர் பங்குகொண்ட, வன்முறை மிகுந்த நவீனப் புரட்சியே என்று வாதிட்டிருக்கிறார். எம் கருத்தில் 1688-இன் அருமை வேறிடத்தில் உளது: அதிகாரம் அரசனைவிட்டு நீங்கியபோது இன்னொரு தனி மனிதனிடம் போய்ச் சேராமல், ஆண்டுதோறும் கூடியாக வேண்டிய ஒரு சபையிடம் சென்றது. சபை குறுகியது, சொத்துள்ளவர்களுக்கே உரியது. ஆனால் பிற்காலத்தில் விரிவடையக் கூடியதாக இருந்தது.

அமெரிக்கா

அமெரிக்க விஷயத்தைச் சுருங்கக் கூறலாம். 1775 ஜூலையிலும்கூடக் குடியேற்ற மக்களின் காங்கிரஸ் மூன்றாம் ஜார்ஜுக்குப் பணிவான விண்ணப்பம் அனுப்பிற்று. பாராளுமன்றமே தீங்கிழைத்தது, மன்னர் நல்லவர் என்பதே பொது நம்பிக்கை. ஆறே மாதத்தில் பெயினின் சிறு நூல் முடியாட்சி என்ற முறையையே தாக்கியது. 1776 ஜூலை 9-ஆம் தேதி நியூயார்க்கில் மன்னரின் ஈயச் சிலையைக் கூட்டம் கீழே சாய்த்தது. அந்த ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டுகள் வார்த்தனர்.

அரசியலமைப்பை இயற்றியோர் தங்கள் கடன் பத்திரங்களையும் சொத்துக்களையும் காத்துக்கொள்ளவே அதை இயற்றினர் என்று சார்லஸ் பியர்டு 1913-இல் எழுதினார். அவர் காட்டிய கணக்குகள் பிற்காலச் சோதனையில் பெரும்பாலும் நிற்கவில்லை. பெர்னார்டு பெய்லின் 1967-இல் கருத்துக்களின் வலிமையை முன்னிறுத்தினார்; அவருடைய மாணவர் கார்டன் வுட், மேலோர் கீழோர் என்ற அடிபணிதலையே இப்புரட்சி ஒழித்தது என்றார். மூவரிடமும் போதிய இடம் பெறாத உண்மை ஒன்றுண்டு: வர்ஜீனியாவில் 1619 முதலே தேர்ந்தெடுக்கப்பட்ட சபை கூடிவந்தது, மற்றக் குடியேற்றங்களிலும் அத்தகைய சபைகள் வேரூன்றியிருந்தன. அரசன் மறைந்தபோது அதிகாரத்தை ஏற்கப் பழக்கப்பட்ட கைகள் தயாராக இருந்தன. ஆனால் அரசியலமைப்பை இயற்றிய மாடிசன் முதலியோர் தாம் அமைத்ததை ஜனநாயகம் என்று கூற விரும்பவில்லை. பெரும்பான்மையோரின் வேகத்துக்கு அணைபோடுவதே அவர்கள் கவலை. நியூ ஜெர்ஸியில் சொத்துடைய பெண்களுக்கு 1776-இல் கிடைத்த வாக்கு 1807-இல் பறிக்கப்பட்டது. தென் மாநிலங்களில் கறுப்பு மக்களின் வாக்குரிமை 1965-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே உண்மையாயிற்று.

பிரான்ஸ்: ஒரு புரட்சி, மூன்று விளக்கங்கள்

1789-இல் பிரான்சின் ஊர்தோறும் எழுதப்பட்டு வெர்சேல்ஸுக்கு அனுப்பப்பட்ட குறைப் பட்டியல்கள் பல்லாயிரம் உள்ளன. உப்பு வரி, வேட்டைச் சட்டம், பிரபுவின் புறாக்கூண்டு, பாதிரியாரின் தசம பாகம் ஆகியவற்றைப் பற்றி அவற்றில் நிறையப் புலம்பல் உண்டு; அரசன் வேண்டாம் என்ற கோரிக்கை இல்லை. அரசனைத் தகப்பனாகவே அவை விளித்தன. மூன்றே ஆண்டுகளில் முடியாட்சி ஒழிந்தது. 1791 ஜூனில் மன்னன் மாறுவேடத்தில் தப்பியோட முயன்று வாரென் என்ற ஊரில் பிடிபட்டதும், 1792-இல் மூண்ட போரும் இல்லாதிருந்தால் பிரான்ஸ் இங்கிலாந்தைப்போல் அரசனை வைத்துக்கொண்டே சென்றிருக்குமா என்பது இன்றளவும் முடிவுறாத விவாதம்.

1856-இல் வெளிவந்த நூலில் அலெக்சிஸ் டோக்வில் கூறிய விளக்கம் அதுவரை எவரும் எதிர்பாராதது. புரட்சி பழைமையை அடியோடு மாற்றியதாக எண்ணுவது மயக்கம். எல்லா அதிகாரத்தையும் தலைநகரில் குவிக்கும் வேலையை அரசர்களே தொடங்கினர், புரட்சி அதை முடித்து வைத்தது. சமத்துவத்தை விரும்பப் பழகிய மக்கள் சுதந்திரத்தைக் காக்கப் பழகவில்லை என்றார். மாகாண ஆவணங்களைத் தாமே புரட்டி ஆராய்ந்து எழுதிய அந்நூலின் மதிப்பு இன்றும் குன்றவில்லை. எனினும், நிர்வாக வரலாற்றிலேயே கண்வைத்த அவர், அரசனைத் தந்தையென்று அழைத்த கிராமத்தான் மூன்றாண்டில் தன்னைக் குடிமகனென்று அழைத்துக்கொண்ட மனமாற்றத்துக்குப் போதிய விளக்கம் தரவில்லை.

ஜோரெஸ் தொடங்கி லெஃபெவ்ர், சோபூல் வரை வந்த சோஷலிஸ்ட் சரித்திராசிரியர்கள், முதலாளி வர்க்கம் நிலப்பிரபுத்துவத்தை வீழ்த்திய போராட்டமாக இதைக் கண்டனர். குடியானவர்களையும் பாரிஸ் நகரத்துத் தொழிலாளரையும் சரித்திரத்தின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்த பெருமை அவர்களுடையது. அந்தக் கடனை எவரும் மறக்கலாகாது. ஆனால் சபையில் முன்னின்ற புரட்சிக்காரர்களுள் ஆலை முதலாளிகள் சிலரே, வழக்கறிஞரும் அரசாங்க உத்தியோகஸ்தருமே பெரும்பாலோர் என்று ஆல்ஃபிரட் கோபன் 1950-களிலும் 60-களிலும் காட்டியபின், அவ்விளக்கம் பழைய உருவில் நிற்க முடியவில்லை.

மூன்றாவது விளக்கம் பிரான்ஸ்வா ஃப்யூரே 1978-இல் அளித்தது. பிளவுபடாத ஒரே இறைமை அரசனின் உடலில் குடிகொண்டிருந்தது. புரட்சி அதைப் பிளவுபடாமலே எடுத்து மக்கள் என்ற கற்பனை உருவில் ஏற்றியது. மக்களின் பெயரால் பேசும் உரிமையை எவர் கைப்பற்றினாரோ அவரே புதிய அரசராயினர். மக்களின் பெயரால் பலரைக் கில்லட்டினுக்கு அனுப்பிய பயங்கர ஆட்சியின் வித்து 1789-லேயே இருந்தது என்பது அவர் வாதம். பயங்கர ஆட்சியை அந்நியப் படையெடுப்பாலும், வாந்தே பிரதேசத்துக் கலகத்தாலும், ரொட்டிப் பஞ்சத்தாலும் விளைந்த நெருக்கடியாகக் கருதுவோர் இதை ஏற்பதில்லை. கருத்துக்கே சர்வ வல்லமை கொடுத்துவிட்டால், அதே கருத்து அமெரிக்காவில் கில்லட்டினை ஏன் நிறுவவில்லை என்ற கேள்வியும் எழுகிறது. மேலும், 1790-இல் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களில் நகராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. வரி செலுத்திய ஆடவர்கள் மாதா கோயிலில் கூடி, சீட்டெழுதி, பெட்டியிலிட்டு, எண்ணிப் பார்த்து, தம் அண்டை வீட்டுக்காரனை ஊர்த்தலைவனாக்கினர். பாரிஸின் மேடைப் பேச்சுக்களை மட்டும் வாசிப்பவர்கள் இந்தப் பயிற்சியைக் காணத் தவறுகிறார்கள்.

அதற்குப் பின்வந்த நூறாண்டு நேர்கோட்டில் செல்லவில்லை. 1793-இன் அரசியலமைப்பு ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது, ஆனால் ஒருநாளும் அமலுக்கு வரவில்லை. 1848-இல் வாக்காளர் தொகை சுமார் இரண்டரை லட்சத்திலிருந்து உயர்ந்து தொண்ணூறு லட்சத்தைத் தாண்டியது. அவ்வாண்டு டிசம்பரில் அவ்வாக்காளர்கள் பெரும்பான்மையாகத் தேர்ந்தெடுத்த லூயி நெப்போலியன், மூன்றாண்டில் குடியரசைக் கவிழ்த்து, மறு ஆண்டு சக்கரவர்த்தியானான். அவன் ஆட்சிக்குப் பின் வந்த மூன்றாம் குடியரசின் அடித்தளமான திருத்தம் 1875 ஜனவரி 30-ஆம் தேதி 353-க்கு 352 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. புரட்சியின் முடிவை 1799-இல் வைக்காமல் 1880-இல் வைத்து ஃப்யூரேயே பின்னாளில் எழுதியது பொருத்தமானதே. பெண்களுக்கு வாக்குரிமை 1944-இல்தான் வந்தது.

விலக்கி வைக்கப்பட்டோர்

பெண்ணின் உரிமைகளை 1791-இல் பிரகடனமாக எழுதிய ஒலாம்ப் தெ கூழ், 1793 நவம்பரில் கில்லட்டினுக்கு இரையானார். அதே 1791 ஆகஸ்டில் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த சான் டொமிங் என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் பலர் முதலில் பிரெஞ்சு மன்னனின் பெயராலேயே போராடினர் என்பது கவனத்துக்குரியது. எஜமானர்களுக்கு மேலாக ஒரு நீதியுள்ள அரசன் தங்களுக்கு விடுதலை தந்துவிட்டான் என்ற செய்தி அவர்களிடையே பரவியிருந்தது. 1794 பிப்ரவரியில் பாரிஸ் மகாசபை அடிமை முறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதை மீண்டும் நிறுவ முயன்றான். 1804 ஜனவரி முதல் நாள் சான் டொமிங் ஹெயிட்டி என்ற பெயரில் சுதந்திர நாடாயிற்று.

சி. எல். ஆர். ஜேம்ஸ் 1938-இல் எழுதிய நூல் வரும்வரை, ஜனநாயகத்தின் வரலாற்றில் இப்புரட்சிக்கு உரிய இடம் தரப்படவில்லை. உரிமைகள் எல்லா மனிதருக்கும் உரியவை என்ற வாக்கியத்தை உள்ளபடியே எடுத்துக்கொண்டவர்கள் அந்த அடிமைகளே. ஆயினும் ஹெயிட்டியின் முதல் ஆட்சித் தலைவர் தெஸ்ஸலீன் சில மாதங்களில் சக்கரவர்த்தியானார்; வட பகுதியில் 1811-இல் ஓர் அரசன் முடிசூடினான்; 1825-இல் பிரான்ஸ் 15 கோடி பிராங்க் நஷ்ட ஈடு விதித்து அந்நாட்டின் கழுத்தை நெரித்தது. விடுதலையை எல்லாவற்றிலும் அதிகமாக விரித்த புரட்சி நிலையான மக்களாட்சியைக் காணவில்லை என்றால், அதற்குரிய பழியில் பெரும்பங்கு வெளியிலிருந்து நெரித்தவர்களைச் சாரும்.

அச்சம் தந்த வாக்குரிமை

1959-இல் சீமோர் லிப்செட் என்ற சமூகவியலறிஞர், ஐரோப்பாவிலும் ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் நிலையான ஜனநாயகம் என்று தாம் கணக்கிட்ட 12 நாடுகளுள் 10 முடியாட்சிகளாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். புரட்சியே ஜனநாயகத்தின் தாய் என்போர்க்கு இது பெரிய தடை. டென்மார்க் 1849-இலும், நெதர்லாந்து 1848-இலும் இரத்தக் களரியின்றி அரசியலமைப்பைப் பெற்றன. ஆனால் அந்த ஆண்டுகளை மீண்டும் நோக்குக. பாரிஸில் சிம்மாசனம் எரிந்த செய்தி பரவிய சில வாரங்களில்தான் நெதர்லாந்தின் இரண்டாம் வில்லியம் மன்னன் ஒரே இரவில் சீர்திருத்தவாதியானான். ஸ்வீடனில் பல்லாண்டு தடைபட்ட சர்வஜன வாக்குரிமை, ஜெர்மனியில் கெய்சர் முடி துறந்த 1918 நவம்பருக்கு மறுமாதமே ஒப்புக்கொள்ளப்பட்டது. மேல்வர்க்கத்தார் புரட்சிக்கு அஞ்சியே வாக்குரிமையை விரித்தனர் என்று 2000-இல் அசெமோக்லுவும் ராபின்சனும் ஒரு கொள்கை வகுத்தனர். ஒரு நாட்டின் புரட்சியால் அண்டை நாட்டுக்கு ஜனநாயகம் கிட்டுமென்றால், அதைப் பெற்ற நாட்டை மட்டும் ஆராய்வது பிழை.

இக்கொள்கைக்கும் வரம்புண்டு. அஞ்சியவர்கள் எல்லோரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1848-இன் அச்சத்துக்குப் பிரஷ்ய மன்னன் தந்த விடை, செலுத்தும் வரியின் அளவுப்படி வாக்காளரை மூன்று வகுப்பாகப் பிரிக்கும் ஏற்பாடு. அது 1918 வரை நீடித்தது. நிலப்பிரபுக்களின் பலம் எங்கெங்கு குன்றியதோ அங்கங்கே ஜனநாயகம் தழைத்தது, அவர்கள் அரசோடு கைகோத்த இடத்தில் சர்வாதிகாரம் விளைந்தது என்று பாரிங்டன் மூர் 1966-இல் கூறிய விளக்கம் இங்கே துணை செய்கிறது. ஆனால் சிறிய நாடுகளை ஒதுக்கிவிட்டே அவர் அதைக் கட்டினார்.

இருபதாம் நூற்றாண்டின் சாட்சியம்

பாரதியார் ஆசிரியராக விளங்கிய 'இந்தியா' பத்திரிகை சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தையே முகப்பில் தாங்கி வந்தது. 1917-இல் ஜார் மன்னன் வீழ்ந்ததை அவர் எவ்வளவு ஆனந்தத்துடன் வரவேற்றார் என்பதைத் தமிழர் அறிவர். அந்த ரஷ்யாவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபை, 1918 ஜனவரியில் ஒரே அமர்வோடு கலைக்கப்பட்டது. சீனத்தில் 1912 பிப்ரவரியில் மஞ்சு வம்சம் முடி துறந்தது. அடுத்த ஆண்டே, தேர்தலில் வென்ற கட்சியின் தலைவர் சுங் சியாவ்ரென் ஷாங்காய் ரயில் நிலையத்தில் சுடப்பட்டு இறந்தார். குடியரசின் தலைவர் யுவான் ஷிகாய் 1915-இல் தம்மையே சக்கரவர்த்தியாக அறிவித்தார். எகிப்து, இராக், லிபியா ஆகிய நாடுகளில் அரசர்களை அகற்றிய இராணுவ அதிகாரிகள் அரசர்களைக் காட்டிலும் அதிக அதிகாரத்தைத் தம் கையில் குவித்தனர். ஸ்பெயினிலோ 1981 பிப்ரவரியில் பாராளுமன்றத்தைத் துப்பாக்கி முனையில் பிடித்த சிப்பாய்களுக்கு எதிராக மன்னரே தொலைக்காட்சியில் தோன்றி அரசியலமைப்பின் பக்கம் நின்றார்.

இலங்கையில் பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ் 1931-இலேயே சர்வஜன வாக்குரிமை வந்தது. சுயராஜ்யமற்ற வாக்கு எமக்கு வேண்டாம் என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்காரம் செய்ய, வடபகுதியின் நான்கு தொகுதிகளில் எவரும் வேட்புமனு தாக்கல் செய்யவில்லை. வாக்குரிமை முதலா, இறைமை முதலா என்ற பிரச்னையை அவ்விளைஞர்கள் அன்றே நேருக்கு நேர் சந்தித்தனர். இந்தியாவில் 1951–52 தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றனர்; சொத்து, கல்வி என்ற படிகள் எதுவுமின்றி அனைவர்க்கும் ஒரே நாளில் உரிமை கிடைத்தது. மேல்நாட்டு அனுபவத்தை மட்டும் வைத்து எழுதப்பட்ட எந்தக் கொள்கையும் இதை முன்கூட்டி ஊகிக்கவில்லை.

தீராதவை

இதுகாறும் கூறியவற்றால் சில விஷயங்கள் ஓரளவு உறுதியாகின்றன. பிறப்பினாலேயே ஒருவன் ஆளும் உரிமை பெறுகிறான் என்ற கோட்பாட்டை மீளமுடியாதபடி தகர்த்தவை புரட்சிகளே. அவை நிகழ்ந்தபின் மீண்டு வந்த அரசர்களும் தங்கள் உரிமைக்கு நியாயம் கூற வேண்டியவர்களானார்கள். விலக்கி வைக்கப்பட்டோர் கதவைத் தட்டுவதற்கு வேண்டிய வாதங்களையும் அவையே தந்தன. ஆனால் எதிர்க்கட்சியைச் சகித்தல், தோல்வியை ஏற்றல் ஆகிய பழக்கங்கள் புரட்சியின் உச்சத்தில் எங்கும் பிறந்ததாகத் தெரியவில்லை; அவை வளர்ந்தது சபைகளிலும் சங்கங்களிலும், பெரும்பாலும் புரட்சி அடங்கிய பின்னரே.

தீராதவையும் பல. புரட்சியின் அச்சமே இல்லாதிருந்தால் சீர்திருத்தம் வந்திருக்குமா என்பதைச் சோதிக்கும் வழியை எவரும் கண்டதில்லை. மக்கள் என்ற சொல்லின் எல்லையை வரையறுப்பது யார் என்பதிலும் ஒருமைப்பாடு இல்லை. 2008-ஆம் ஆண்டு இவ்வகையில் நம் அண்டையிலேயே ஓர் ஒப்பீட்டை வைத்திருக்கிறது. நீண்ட உள்நாட்டுப் போருக்கும் 2006-இன் மக்கள் எழுச்சிக்கும் பிறகு, நேபாளத்தின் அரசியல் நிர்ணய சபை அவ்வாண்டு மே 28-ஆம் தேதி 560-க்கு 4 என்ற வாக்குகளால் முடியாட்சியை ஒழித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னர் பூடானில், மன்னரின் விருப்பத்தாலேயே, முதல் பொதுத் தேர்தல் நடந்தது. ஆனால் அதற்கு முன்பே பதினைந்தாண்டுகளுக்கு மேலாக, அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட நேபாளி மொழி பேசும் மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நேபாளத்து முகாம்களில் இருந்தனர். அந்தத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. ஐரோப்பிய உதாரணங்களையே திரும்பத் திரும்ப ஆராய்ந்துவரும் நம் பல்கலைக்கழகங்கள், இவ்விரு நாடுகளின் சபை நடவடிக்கைகளையும் முகாம்களில் வாழ்ந்தோரின் வாக்குமூலங்களையும் தமிழில் தொகுத்து ஆராய முன்வர வேண்டும்.